மரச்செக்கு எண்ணெயும் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ பலகையும்: ஐந்து மாதம் வாங்கிப் பார்த்த ஒரு கடை

ஈரோட்டில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு மரச்செக்கு எண்ணெய்க் கடை இருக்கிறது. செக்கு ஓடும் நாட்களில், கடை கண்ணுக்குத் தெரியும் முன்பே எள்ளும் கருப்பட்டியும் சேர்ந்து அரைபடும் மணம் தெருமுனை வரை வந்து நம்மைக் கூட்டிக்கொண்டு போகும். வாசலில் பச்சை வண்ணத்தில் ஒரு பலகை: ‘எங்கள் எண்ணெய்களில் கொலஸ்ட்ரால் துளியும் இல்லை, இதயத்துக்கு இதமானவை.’ ஐந்து மாதங்களாக எங்கள் வீட்டுச் சமையல் எண்ணெய் முழுவதும் இந்தக் கடையிலிருந்துதான் வருகிறது. எண்ணெயைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை; பலகையைப் பற்றி உண்டு. கடையின் பெயரை எழுதாமல் விடுகிறேன். இதே வாசகத்தைக் கோபி முதல் காங்கேயம் வரை இன்னும் நான்கைந்து கடைகளில் பார்த்துவிட்டேன். எல்லாருக்கும் பொதுவான ஒரு தவறுக்கு ஒருவரை மட்டும் கூண்டில் ஏற்றுவது முறையாகாது.

நான் இந்தக் கடைக்குப் போனதே அந்தப் பலகையை நம்பித்தான் என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐம்பத்தெட்டு வயதில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 238, ‘நல்ல கொலஸ்ட்ரால்’ எனப்படும் எச்.டி.எல். 42, ரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு 170, ‘கெட்ட கொலஸ்ட்ரால்’ எனப்படும் எல்.டி.எல். 162 மில்லிகிராம் (எல்லாம் டெசிலிட்டர் கணக்கில்) என்று வந்தது. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தமும் வரம்புக்குள்தான் இருந்தது, புகைக்கும் பழக்கமும் கிடையாது. மருத்துவர் அறிக்கையை இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு, “மூணு நாலு மாசம் சாப்பாட்டைச் சரி பண்ணிட்டு வாங்க, அப்புறம் மாத்திரையைப் பத்திப் பேசலாம்” என்றார். வீட்டுக்கு வந்ததும் முதலில் நடந்தது முட்டைக்குத் தடை. இரண்டாவது, மளிகைக் கடையின் ரீஃபைண்ட் எண்ணெயை நிறுத்திவிட்டுச் செக்கு எண்ணெய்க்கு மாறுவது. இரண்டுமே குறியைச் சற்றுத் தள்ளி எறிந்த கற்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாகை மரத்தில் கடைந்த உரலும் உலக்கையும் கொண்ட மூன்று செக்குகள்; மாட்டுக்குப் பதில் மோட்டார் சுற்றுகிறது. திங்களும் வியாழனும் நிலக்கடலை, செவ்வாய் எள், வெள்ளி கொப்பரை என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். ஒரு தடவைக்குப் பதினைந்து கிலோ அளவில் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் மெதுவாக ஆட்டுகிறார்கள். வழிந்து வரும் எண்ணெயைத் தொட்டால் இளஞ்சூடுதான். எள்ளோடு கருப்பட்டி சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று, பிண்ணாக்கு இறுகி எண்ணெய் பிரிந்து வருவதற்காகவும்தான் என்று கடைக்காரர் விளக்கினார். எள்ளின் நெய்தான் எண்ணெய் என்ற சொல்லாயிற்று. இன்று பாமாயிலும் அந்தப் பெயரிலேயே உலா வருகிறது. ஆட்டிய எண்ணெயைப் பெரிய பாத்திரங்களில் ஊற்றி, கசடு அடியில் தங்கும் வரை சில நாட்கள் வைத்திருந்து, தெளிந்ததை மட்டும் எடுத்து விற்கிறார்கள். விரும்பினால் நம் கண்முன்னேயே நாம் கொண்டுபோகும் கடலையையும் ஆட்டித் தருகிறார்கள்; கூலி தனி.

சுவையில் இந்த எண்ணெய்களுக்கு முழு மதிப்பெண் தருவேன். கடலை எண்ணெயில் தாளித்த பொரியலுக்கு வறுத்த கடலையின் மணம் மெல்லியதாக வருகிறது. நல்லெண்ணெய் கசப்பின்றி, தொண்டையில் உறுத்தாமல் இறங்குகிறது. இட்லிப் பொடிக்கு வேறு எண்ணெயை என் தாயார் இனி ஒப்பமாட்டார். தேங்காய் எண்ணெய்க்குக் கந்தகப் புகை போடாத கொப்பரையையே வாங்குவதாகச் சொல்கிறார்கள். காங்கேயம் பக்கத்துக் களங்களில் பூஞ்சை பிடிக்காமலும் வெண்மை மாறாமலும் இருக்கக் கொப்பரைக்குக் கந்தகப் புகை காட்டும் வழக்கம் உண்டு என்பதை அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு பொருட்டானது. எண்ணெயில் அந்த நெடி இல்லை என்பதற்கு என் மூக்கு சாட்சி.

விலை, நான் கடைசியாக வாங்கியபோது, லிட்டருக்குக் கடலை எண்ணெய் 290 ரூபாய், நல்லெண்ணெய் 420, தேங்காய் எண்ணெய் 480. ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெயோடு ஒப்பிட்டால் கைகடிக்கும் விலைதான். ஆனால் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டேகால் முதல் இரண்டரைக் கிலோ பருப்பு தேவை என்னும்போது, பருப்பின் சந்தை விலையைப் பெருக்கிப் பார்த்தால் கணக்கு ஏறத்தாழச் சரியாக வருகிறது. அதே தெருவில் வேறொரு இடத்தில் ‘செக்கு’ என்ற ஒட்டுச்சீட்டோடு 190 ரூபாய்க்குக் கிடைக்கும் கடலை எண்ணெயில் கடலை எவ்வளவு இருக்கும் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இனி பலகை. ‘கொலஸ்ட்ரால் துளியும் இல்லை’ என்பது நடைமுறையில் உண்மை. ஆனால் அது இந்தக் கடையின் சிறப்பு அன்று. கொலஸ்ட்ரால் விலங்குகளின் உடலில் உருவாகும் பொருள். செடி கொடி மரங்களின் விதையில் அது இருந்தாலும் பொருட்படுத்தத் தேவையில்லாத நுண்ணளவுதான். ஆகவே செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய், ஆலையில் சுத்திகரித்த சூரியகாந்தி, பாமாயில், வனஸ்பதி ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த வாசகம் ஒரே மாதிரி பொருந்தும். ‘எங்கள் கடைத் தண்ணீரில் எலும்பு இல்லை’ என்று எழுதிவைப்பதைப் போன்ற உண்மை இது. ‘இதயத்துக்கு இதமானவை’ என்ற இரண்டாம் பாதி அதைவிடச் சிக்கலானது. சமையல் எண்ணெயின் லேபிளிலும் விளம்பரத்திலும் ‘கொலஸ்ட்ராலை எதிர்ப்பது’, ‘இதயத்துக்கு இதமளிப்பது’ என்ற பொருள் தரும் சொற்களையும், ‘டபுள் ரீஃபைண்ட்’ போன்ற மிகைச் சொற்களையும் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2011ஆம் ஆண்டு விதிகளே சொல்லிவிட்டன. பலகை எழுதிய ஓவியருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. உரிமம் வாங்கிய கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரத்தத்தில் எல்.டி.எல். ஏறுவதற்கு உணவில் உள்ள கொலஸ்ட்ராலைவிட நிறைவுற்ற கொழுப்பே (நெய், வெண்ணெய் போல உறையும் தன்மையுள்ள கொழுப்பு) பெரிய காரணம். நம் உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. உணவிலிருந்து அதிகம் வந்தால் பெரும்பாலானவர்களின் கல்லீரல் தன் உற்பத்தியை ஓரளவு குறைத்துக்கொள்ளும். நிறைவுற்ற கொழுப்போ, ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளிழுக்கும் கல்லீரலின் ஏற்பிகளையே மந்தமாக்கிவிடுகிறது. நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பது எண்ணெய் எந்த விதையிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்ததே தவிர, அதை மரத்தில் ஆட்டினார்களா, இரும்பில் பிழிந்தார்களா என்பதைப் பொறுத்ததன்று. நூறு கிராம் நல்லெண்ணெயில் ஏறத்தாழ 14 கிராம், கடலை எண்ணெயில் 17, தவிட்டு எண்ணெயில் 20, பாமாயிலில் 50, தேங்காய் எண்ணெயில் 80க்கு மேல் என்பது செக்குக்கும் ஆலைக்கும் பொதுவான கணக்கு. ஒரே கூரையின் கீழ், ஒரே பலகையின் நிழலில் விற்கும் மூன்று எண்ணெய்களுக்குள்ளேயே ஐந்து ஆறு மடங்கு வேறுபாடு இருக்கிறது. வாடிக்கையாளருக்கு உண்மையில் தேவைப்படும் அந்தத் தகவல் கடையில் எங்கும் இல்லை.

செக்கு எண்ணெய்க்கு வேறு நன்மைகள் இல்லாமலில்லை. ஆலையில் கரைப்பான் ஊற்றி எடுத்து, வெளுத்து, 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றி வாசனை நீக்கும்போது வைட்டமின் ஈயில் ஒரு பகுதியும் கொலஸ்ட்ராலை ஒத்த தாவரப் பொருளான ஸ்டெரால்களில் ஒரு பகுதியும் போய்விடுகின்றன; செக்கில் அவை தங்குகின்றன. தாவர ஸ்டெரால் குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதும் மெய்தான். கடையில் தரும் துண்டறிக்கையில் இதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஆனால் எல்.டி.எல். கண்ணுக்குத் தெரியும்படி குறைய நாளொன்றுக்குச் சுமார் 2 கிராம் ஸ்டெரால் வேண்டும். நல்லெண்ணெயிலேயே நூறு கிராமுக்கு ஒரு கிராமுக்கும் குறைவுதான் இருக்கிறது. நாளுக்கு அரைக் கரண்டி நல்லெண்ணெயால் அந்த இலக்கை எட்ட முடியாது. எட்டும் அளவுக்கு ஊற்றினால் கொலஸ்ட்ராலுக்கு முன் வயிறு கேள்வி கேட்கும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றிக் கடைக்காரரோடு நடந்த உரையாடலைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. “தாய்ப்பாலில் இருக்கிற லாரிக் அமிலம்ங்க இது, நேரா கல்லீரலுக்குப் போய் எரிஞ்சுரும், ரத்தத்துல தங்காதுங்க” என்றார். தேங்காய் எண்ணெயில் பாதி அளவு லாரிக் அமிலம் என்னும் நிறைவுற்ற கொழுப்பு அமிலம் என்பது சரி. ஆனால் லாரிக் அமிலத்தின் பெரும்பகுதி, மற்ற நீண்ட சங்கிலிக் கொழுப்புகளைப் போலவே நிணநீர் வழியாகத்தான் ரத்தத்துக்குள் நுழைகிறது; நேரே கல்லீரலுக்குப் போவது அதைவிடக் குட்டையான அமிலங்கள், அவை இந்த எண்ணெயில் குறைவு. 2020இல் ‘சர்க்குலேஷன்’ மருத்துவ இதழில் வந்த, 16 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை, கடலை, சூரியகாந்தி போன்ற எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் எல்.டி.எல்.லை ஏறத்தாழ 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்று காட்டியது, எச்.டி.எல்.லும் 4 மில்லிகிராம் கூடியது. கடைக்காரர் எச்.டி.எல். பாதியை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தார்.

அவர் தரப்பிலும் ஒரு சான்று இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. கேரளத்தில் இதய நோயாளிகள் 200 பேருக்கு இரண்டு ஆண்டுகள் தேங்காய் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் பிரித்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016இல் வெளியானது. இரு குழுவினருக்கும் கொலஸ்ட்ரால் அளவிலோ இதய நிகழ்வுகளிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. அவர்கள் வழக்கமான இதய மருந்துகளையும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். மாத்திரை சாப்பிடுபவரின் ரத்தத்தில் எண்ணெயின் வேறுபாடு அமுங்கிப்போகலாம். மாத்திரையைத் தள்ளிப்போடப் பார்க்கும் என் போன்றவருக்கு அந்த ஆய்வு நேரடியாகப் பொருந்தாது. தேங்காய் எண்ணெய் நஞ்சு என்று நான் சொல்லவில்லை. அவியலின் மேல் ஒரு கரண்டி ஊற்றுவது வேறு, பொரிப்பது தாளிப்பது எல்லாவற்றையும் அதிலேயே செய்வது வேறு.

இந்தக் கட்டத்தில்தான் நானும் மனைவியும் உட்கார்ந்து வீட்டுக் கணக்கைப் போட்டோம். இந்த விமரிசனத்தை எழுதத் தூண்டியதே அந்தக் கணக்கு. நான்கு பேர் உள்ள வீடு. மாதத்துக்குக் கடலை எண்ணெய் இரண்டரை லிட்டர், நல்லெண்ணெய் ஒன்று, தேங்காய் எண்ணெய் ஒன்றரை, ஆக ஐந்து லிட்டர். அதோடு அரைக் கிலோ நெய், தினமும் ஒன்றரை லிட்டர் முழுக்கொழுப்புப் பால். தலைக்கு நாளொன்றுக்கு எண்ணெய் மட்டும் 38 கிராம் வந்தது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2,000 கலோரி உணவுத் தட்டுக்குச் சொல்லும் எண்ணெய், கொழுப்பு அளவு 27 கிராம். செக்கு எண்ணெய் ‘நல்லது’ என்பதாலேயே கரண்டி தாராளமாகிவிட்டது என்று மனைவி சொன்னாள். அவள் சொல்வது சரிதான். ரீஃபைண்ட் எண்ணெய் வாங்கிய காலத்தில் மாதம் நாலே கால் லிட்டரைத் தாண்டியதில்லை.

நிறைவுற்ற கொழுப்பைத் தனியே கூட்டிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. எல்.டி.எல். குறைக்க வேண்டியவர்கள் மொத்தக் கலோரியில் 5 முதல் 6 சதவீதத்துக்குள் நிறைவுற்ற கொழுப்பை நிறுத்த வேண்டும் என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் பரிந்துரை. 2,000 கலோரிக்கு அது 13 கிராம். எங்கள் வீட்டில் தலைக்குக் கடலை எண்ணெயிலிருந்து மூன்று கிராமுக்குச் சற்று மேல், நல்லெண்ணெயிலிருந்து ஒன்று, நெய்யிலிருந்து இரண்டரை, தேங்காய் எண்ணெயிலிருந்து ஒன்பதரை வந்தது. இவ்வளவுக்கும் மேல் பாலிலிருந்து மட்டும் 14 கிராம். ஆறு சதவீதக் கொழுப்புள்ள பாலில் காலையும் மாலையும் இரண்டிரண்டு டம்ளர் காப்பி, இரவில் ஒரு டம்ளர் பால், மதியம் அதே பாலின் தயிர். எண்ணெய்க் கடையில் நின்று ஒரு மணி நேரம் வாதிட்டுவிட்டு வந்த எனக்கு, அன்றாட எல்லை முழுவதையும் பால் பாக்கெட் ஒன்றே தாண்டிவிடுகிறது என்பது வெட்கமாகத்தான் இருந்தது. பாலில் கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று யாரும் எங்களிடம் கேட்டதில்லை, நாங்களும் யோசித்ததில்லை. முட்டையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

முட்டையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கடையின் துண்டறிக்கையில் ‘தவிர்க்க வேண்டியவை’ என்ற தலைப்பில் அதுதான் முதலில் இருக்கிறது. 1913இல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற ஆய்வாளர் முயல்களுக்குக் கொலஸ்ட்ரால் ஊட்டி அவற்றின் ரத்தக் குழாய்களில் படிவு உண்டாவதைக் காட்டியதிலிருந்து இந்த அச்சம் தொடங்குகிறது. முயல் இலை தின்னும் உயிர். அதன் உடலுக்குக் கொலஸ்ட்ராலைச் சமாளிக்கும் பழக்கமே இல்லை. 1968இல் அமெரிக்க இதயச் சங்கம் நாளுக்கு 300 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்தது. அந்நாட்டு அரசின் 2015–2020 உணவு வழிகாட்டி அந்த எண்ணைக் கைவிட்டது. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்று அதற்குப் பொருளில்லை, கூடிய மட்டும் குறைவாக இருக்கட்டும் என்றே அதுவும் சொன்னது. பெரிய முட்டை ஒன்றின் மஞ்சள் கருவில் சுமார் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருந்தாலும், நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம்தான். இறாலும் அதே வகை: கொலஸ்ட்ரால் மிகுதி, நிறைவுற்ற கொழுப்பு மிகக் குறைவு. ஆட்டு மூளை வறுவலோ நூறு கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டும்; அதற்கு எந்த வழிகாட்டியும் பரிந்து பேசாது. உணவுக் கொலஸ்ட்ராலுக்கு எல்லாருடைய உடலும் ஒரே மாதிரி எதிர்வினை காட்டுவதில்லை என்பதால், மருத்துவரிடம் கேட்டு வாரத்துக்கு மூன்று முட்டை என்று நான் திரும்பத் தொடங்கியிருக்கிறேன். மூன்றாவது நாளே வீட்டில் வெங்காய ஆம்லெட்டை நெய்யில் போட்டுக் கொடுத்தார்கள் என்பது வேறு கதை.

கடையின் சேவையில் நான் கண்ட குறைகள் சில உண்டு. முதலாவது, புட்டிகளில் ஆட்டிய நாள் எழுதப்படுவதில்லை. செக்கு எண்ணெய் சுத்திகரிக்கப்படாதது. அதில் ஈரமும் கசடும் கொஞ்சம் தங்கியிருப்பதால் ஆலை எண்ணெயைவிட விரைவில் காறல் வாடை பிடிக்கும். இரண்டாம் மாதம் வாங்கிய கடலை எண்ணெய் மூன்றே வாரத்தில் சிக்கு வாடை அடித்தது. கொண்டுபோய்க் காட்டியபோது மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாவது, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் புட்டிகளில் ஊற்றி, பிற்பகல் வெயில் விழும் இடத்தில் அழகுக்காக அடுக்கிவைத்திருக்கிறார்கள். வெளிச்சமும் சூடும் எண்ணெயைக் கெடுக்கும் என்பது செக்கு ஆட்டும் குடும்பத்துக்குத் தெரியாததன்று. இப்போதெல்லாம் நான் எவர்சில்வர் தூக்குப்போசியோடு போய், உள்ளே இருக்கும் பெரிய பாத்திரத்திலிருந்து ஊற்றித் தரச் சொல்கிறேன். சில்லறையாக அளந்து விற்பதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு என்பதால் அவர் தயங்கித்தான் தருகிறார். அந்தத் தயக்கத்துக்கு நியாயமும் உண்டு, கலப்படம் நுழைவது பெரும்பாலும் அந்த வழியில்தான்.

மூன்றாவது குறை நிலக்கடலையைப் பற்றியது. பூஞ்சை பிடித்த கடலையில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு கல்லீரலுக்குக் கேடானது. ஆலைச் சுத்திகரிப்பில் அது பெரும்பாலும் நீங்கிவிடும், செக்கில் நீங்காது. ஆகவே செக்கில் போடும் முன் பருப்பைப் பொறுக்குவது இங்கே அழகுக்கான வேலை அன்று. திங்கட்கிழமை காலைகளில் இரண்டு பெண்கள் முறத்தில் பருப்பைப் பரப்பிச் சொத்தையையும் கறுத்ததையும் பொறுக்குவதை நானே பார்த்திருக்கிறேன். மழை பெய்து வேலை குவிந்த ஒரு வியாழக்கிழமை மூட்டையை அப்படியே கவிழ்த்ததையும் பார்த்தேன். கேட்டபோது, “இது சலிச்சு வந்த மூட்டைங்க” என்றார்கள். இருக்கலாம். வாங்குபவர்கள் ஒருமுறை செக்கு ஓடும் நேரத்தில் போய் நின்று பார்ப்பது நல்லது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத ஒன்று கல்லாவில் நடந்தது. என் முன்னே நின்ற ஒரு பெரியவர், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், தன் மாத்திரைச் சீட்டைக் காட்டி, இந்த எண்ணெய்க்கு மாறினால் கொலஸ்ட்ரால் மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டார். கல்லாவில் இருந்த இளைஞர், “மூணு மாசம் இதைச் சாப்பிடுங்க ஐயா, அப்புறம் மாத்திரையே தேவைப்படாது” என்றார். நான் குறுக்கிட வேண்டியதாயிற்று. ஸ்டென்ட் வைத்தவருக்கு ஸ்டாட்டின் என்னும் கொலஸ்ட்ரால் மாத்திரை எல்.டி.எல். எண்ணைக் குறைப்பதற்காக மட்டும் தரப்படுவதில்லை. குழாயில் ஏற்கெனவே உள்ள படிவு வெடிக்காமல் நிலைப்பட்டிருக்கவும் அது உதவுகிறது. உணவு மாற்றத்தால் எல்.டி.எல். பத்து, பதினைந்து சதவீதம் இறங்கலாம்; ஸ்டாட்டின் முப்பது முதல் ஐம்பது சதவீதம் வரை இறக்கும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள் ஐயா என்று சொல்லி அனுப்பினேன். கடைக்காரரிடம் பிறகு தனியாகச் சொன்னபோது அவர் வருந்தினார், பையனைக் கண்டிப்பதாகவும் சொன்னார். பலகை மட்டும் அப்படியே இருக்கிறது. அந்தப் பையன் அந்தப் பலகையைப் படித்து வளர்ந்தவன்தானே.

கணக்குப் போட்ட பிறகு வீட்டில் செய்த மாற்றங்கள் சில. பால் மூன்று சதவீதக் கொழுப்புள்ளதாக, நாளுக்கு ஒரு லிட்டராக மாறியது. எங்கள் தாயாருக்கு முதல் வாரம் காப்பி ‘கழனித் தண்ணி’யாகத் தெரிந்தது, இரண்டாம் வாரம் டிகாக்ஷனைக் கெட்டியாக இறக்கிச் சமாளித்தோம். தேங்காய் எண்ணெய் ஒன்றரை லிட்டரிலிருந்து கால் லிட்டருக்குள் வந்து, அவியலுக்கும் ஓலனுக்கும் மட்டும் என்றானது. நெய் மாதம் 200 கிராம். கடலை எண்ணெய் இரண்டு லிட்டர், நல்லெண்ணெய் முக்கால் லிட்டர் சொச்சம். எண்ணெய் வாளியிலிருந்து நேரே ஊற்றுவதை நிறுத்தி, காலையில் அன்றைக்கான நூறு மில்லியை ஒரு கிண்ணத்தில் அளந்து வைத்துவிடுகிறோம். கிண்ணம் காலியானால் அன்றைய தாளிப்பு முடிந்தது. இந்தக் கிண்ணம்தான் ஐந்து மாதத்தில் நாங்கள் செய்த எல்லாவற்றிலும் பயனுள்ளது. பூரி, பஜ்ஜிக்குச் செக்கு எண்ணெயைப் பயன்படுத்துவதையும் விட்டோம். அது சீக்கிரம் புகைகிறது, ஒருமுறை பொரித்ததை மறுபடி காய்ச்சினால் இன்னும் மோசம். பூரியே மாதம் ஒருமுறை ஆகிவிட்டது.

எண்ணெயைக் குறைத்ததோடு நிற்காமல் தட்டில் வேறொன்றைக் கூட்டவும் செய்தோம். கரையும் நார்ச்சத்து குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியேற்றும். இழந்ததை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துப் பித்த அமிலம் செய்யும். ஓட்ஸுக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் என்ற பெயர் வந்தது அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நாரால். நாளுக்கு 3 கிராம் அந்த நார் வேண்டும் என்ற அளவை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997இல் ஏற்றது. அதே நார் பார்லி அரிசியிலும் தாராளமாக உண்டு, நாட்டு மருந்துக் கடையில் ஓட்ஸைவிட மலிவாகக் கிடைக்கிறது. காலையில் பார்லிக் கஞ்சி, மதியம் தட்டைப்பயறோ கொள்ளோ ஒரு கிண்ணம், மாலையில் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை. ஆட்டிய கடலையைவிட அவித்த கடலைக்கு நார் அதிகம், விலை குறைவு. இதைக் கடைக்காரரிடம் சொல்லிச் சிரிக்கவும் வைத்தேன்.

நான்காம் மாத முடிவில் எடுத்த பரிசோதனையில் மொத்தம் 212, எச்.டி.எல். 43, டிரைகிளிசரைடு 155, எல்.டி.எல். 138. மருத்துவர் திருப்தியடைந்தார், முழுமையாக அல்ல. இன்னும் மூன்று மாதம் பார்ப்போம் என்றிருக்கிறார். இந்த 24 புள்ளி இறக்கத்தில் மரச்செக்குக்கு எத்தனை பங்கு என்று யாராவது கேட்டால், ஆட்டும் முறைக்கு ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றுதான் சொல்வேன். பாலுக்கும், தேங்காய் எண்ணெய் குறைந்ததற்கும், அளவுக் கிண்ணத்துக்கும், பயறுக்கும்தான் அந்தப் பங்கு.

அப்படியானால் இந்தக் கடையில் தொடர்ந்து வாங்குவானேன் என்றால், எண்ணெய் நன்றாக இருப்பதால்தான். மணமுள்ள எண்ணெய் குறைவாக ஊற்றினாலும் சமையலில் தெரிகிறது. மணமற்ற எண்ணெயில் அந்த வசதி இல்லை. சுவைக்கு ஐந்துக்கு ஐந்து, விலைக்கு மூன்றரை, சேமிப்பு முறைக்கு இரண்டு, பலகைக்கு எதுவும் இல்லை. போன வாரம் கடைக்காரரிடம் ஒரு யோசனை சொல்லிவிட்டு வந்தேன்: பலகையை அழித்துவிட்டு, மூன்று எண்ணெய்க்கும் நேரே நூறு கிராமில் எத்தனை கிராம் நிறைவுற்ற கொழுப்பு என்று எழுதி, கீழே ஆட்டிய நாளையும் போடுங்கள். “அதை எழுதினா தேங்காய் எண்ணெய் யாருங்க வாங்குவாங்க?” என்றார். தலைக்குத் தேய்க்க வாங்குவார்கள் என்றேன். இந்த மாதப் பட்டியலோடு நாளை மறுநாள் போக வேண்டும்: கடலை இரண்டு, எள் முக்கால், தேங்காய் கால்.